ஊர் கட்டிய பள்ளி
செங்கற்பட்டுச் சீமையில் வீடும் பள்ளியும் சமுதாயமும்

ஒரு பிள்ளையை ஆளாக்கும் பொறுப்பைப் புறநானூற்றுப் புலவர் பொன்முடியார் ஒருவரிடம் மட்டும் ஒப்படைக்கவில்லை. தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகிய நால்வருக்கும் அதில் பங்குண்டு என்கிறார். போர்க்களத்தை நோக்கிய பாடல் அது. ஆயினும், அப்பட்டியலில் ஊர்க் கொல்லனுக்கும் ஓர் இடம் இருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பெற்றோரும் அரசும் மட்டும் போதா. அக்கம்பக்கத்தாரும் கைகொடுத்தாலன்றிப் பிள்ளை நிறைவாக உருவாகாது என்னும் உணர்வு தமிழர்க்குப் பழையது.

வீடு, பள்ளி, சமுதாயம் எனும் மூன்றும் குழந்தைக் கல்வியின் தூண்கள் என்று மேடைதோறும் கூறப்படுகிறது. ஆனால், மூன்றும் ஒருங்கே தோள்கொடுத்த காலம் வரலாற்றில் அரிதாகவே காணப்படுகிறது. இன்று தொழிற்சாலைகள் அணிவகுத்து நிற்கும் திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தையும், அது அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தையும் எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை தெளிவாகும். அம்மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினாலும் இம்மண்ணின் கல்வி வரலாறு ஒன்றே.

திண்ணையும் சட்டாம்பிள்ளையும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் நாட்டுப்புறப் பள்ளிகளைப் பற்றிய கணக்கைக் கேட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட அக்கணக்கின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன; 1,88,650 பேர் பயின்றனர். வீட்டிலேயே கற்ற பிள்ளைகள் பலர் இதற்குப் புறம்பே இருந்தனர் என்பதையும் மன்றோ குறித்துள்ளார்.

இப்பள்ளிகளை நடத்தியது அரசன்று, பிள்ளைகளைப் பெற்றவர்களே. ஆசிரியரின் திங்கள் வருவாய் ஆறு ஏழு ரூபாயைத் தாண்டவில்லை என்று மன்றோ வருந்தி எழுதினார். மணலில் விரலால் எழுதிப் பழகுவதும், மூத்த மாணவன் இளையவர்க்குச் சொல்லிக்கொடுப்பதும் திண்ணைப் பள்ளியின் இயல்புகள். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றை மேற்பார்த்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரு பெல் இம்முறையைக் கண்டு வியந்தார். தம் பள்ளியிலும் கையாண்டார். 1797இல் அதனை அவர் நூலாக்கி இலண்டனில் வெளியிட்டபின், சட்டாம்பிள்ளை முறை 'மதராஸ் முறை' என்னும் பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவிற்று.

பெருமைக்குரிய செய்திதான். ஆயினும், அதே கணக்கில் மற்றொரு வரி உண்டு. பயின்ற 1,88,650 பேரில் ஆண்கள் 1,84,110, பெண்கள் 4,540. நூற்றுக்கு மூவரைக்கூட எட்டாத எண்ணிக்கை. ஆசிரியருக்குப் படியளக்க வல்ல வீட்டாரின் பிள்ளைக்கே திண்ணையில் இடம். அவ்வீட்டிலும் ஆண் பிள்ளைக்கே முதலிடம். வீடும் பள்ளியும் கைகோத்திருந்தன. சமுதாயம் முழுமையும் அவ்வட்டத்துக்குள் வரவில்லை.

அடைபட்ட வழி

அவ்வட்டத்துக்கு வெளியே நின்றவர்களின் நிலையைச் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் 1891இல் விரிவான குறிப்பாக எழுதினார். குடியிருக்கும் மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாமல், நிலவுடைமையாளரின் தயவில் வாழ்ந்த பறையர் மக்களின் வாழ்வை அது அரசின் கண்முன் நிறுத்தியது. நிலமும் கல்வியும் அளித்தாலன்றி அவர்கள் நிமிர இயலாது என்பது அதன் சாரம். நிலம் பற்றி 1892இலும், கல்வி பற்றி 1893இலும் அரசாணைகள் பிறந்தன.

ஆணை பிறந்தவுடன் பள்ளியின் கதவு திறந்துவிடவில்லை. இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், கோயம்புத்தூரில் பயின்ற நாள்களைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். ஊரும் சாதியும் வெளிப்பட்டால் இழிவுக்கு ஆளாக நேருமே என்னும் அச்சத்தால் அவர் உடன் மாணவருடன் நெருங்கிப் பழகவில்லை. பள்ளிக்கு வெளியே எங்கேனும் இருந்து படித்துவிட்டு, மணியடித்த பின்னரே வகுப்புக்குள் செல்வார். வகுப்பு முடிந்ததும் யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் வீட்டுக்கு விரைந்துவிடுவார். விளையாட்டில் சேர ஆசையிருந்தும் சேர முடியவில்லை.

அவரைப் படிக்க வைக்கக் குடும்பம் இருந்தது. பாடம் சொல்லப் பள்ளியும் இருந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட தெருவே பகையாக நின்றது. பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் பொதுக் கட்டடங்களிலும் எவர்க்கும் தடையிருத்தலாகாது என்னும் தீர்மானத்தைப் பின்னாளில் 1924இல் அவரே சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். சமுதாயம் என்பது எப்போதும் கல்விக்குத் துணைநிற்பது என்று எண்ணுவோர், அந்தச் சிறுவன் மணியோசைக்காகக் காத்து நின்றதை மறத்தலாகாது.

அரைநாள் பள்ளி

விடுதலைக்குப்பின் வீட்டின் பங்கு பற்றிய பெரும் வழக்கு ஒன்று எழுந்தது. 1953இல் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு மாற்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் இரு பிரிவாக நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் பயில்வர். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலையோ ஊர்த் தொழிலையோ கற்பர். பள்ளியும் ஆசிரியரும் போதாத நிலையில் இரு மடங்குப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும், உழைப்பின்மேல் மதிப்பும் வளரும் என்றனர் ஆதரித்தோர்.

எதிர்த்தோரின் கேள்வி எளிமையானது: தமிழ்நாட்டில் தந்தையின் தொழிலை முடிவு செய்தது எது? சாதியன்றோ? அங்ஙனமாயின், மகன் தந்தையின் தொழிலையே கற்பதென்பது சாதியைக் கற்பதாகாதா? 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் போராடினர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்பிரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

வழக்கு அத்துடன் முற்றும் ஓய்ந்துவிடவில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில், முன்பணக் கடனுக்கு ஈடாகப் பிள்ளைகள் அமர்த்தப்பட்ட நிலை இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது. வீட்டுத் தறியில் இருந்தால் அது கல்வியா, வேலையா என்னும் கேள்விக்கு விடை காண்பது எளிதாயில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் செய்யப்பட்ட திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவுவதற்கு இடமளித்துள்ளது. வீட்டின் அன்பும் வீட்டின் வறுமையும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. எனவேதான் பிள்ளையின் நாளை வீட்டிடம் முழுதாக விட்டுவிடுவதற்குச் சிந்தனையாளர் தயங்கினர்.

கடம்பத்தூர் காட்டிய வழி

காஞ்சிபுரம் வட்டம் நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் 1912இல் பிறந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. காமராசர் காலத்தில் கல்வித்துறை இயக்குநராக விளங்கிய அவர், பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்திருந்தார். சென்னை மாநகராட்சி 1920இலேயே, சர். பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவளிக்கத் தீர்மானித்திருந்தது. ஆனால், மாநிலம் முழுவதற்கும் பணம் எங்கே?

மக்களிடமே கேட்பது என்று முடிவாயிற்று. 1956இல் ஊராரின் கொடையால் பகல் உணவு தொடங்கியது. 1957 முதல் அரசும் பங்கேற்றது. ஓர் உணவுக்கு 10 காசு என்று கணக்கிட்டு, அரசு 6 காசும் ஊரார் 4 காசும் ஏற்றனர். அந்த நான்கு காசே இவ்வரலாற்றின் உயிர்நாடி எனலாம். அதைப் பணமாகவோ தானியமாகவோ கொடுத்தவர், பள்ளியில் இன்று அடுப்பு எரிந்ததா என்று கேட்கும் உரிமையையும் பெற்றார்.

அடுத்த படி 1958இல் எடுத்து வைக்கப்பட்டது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. தத்தம் பள்ளிக்கு என்னென்ன தேவை என்று ஆசிரியரும் ஊராரும் சேர்ந்து பட்டியலிட்டனர். நிலம், கட்டடம், பலகை, கடிகாரம், சீருடை எனத் தேவைகள் வரிசைப்படுத்தப்பட்டன. இயன்றவர் இயன்றதை ஏற்றனர். மாவட்டந்தோறும் இத்தகைய மாநாடுகள் பின்னர் நடந்தன.

அரசு செய்ய வேண்டியதை ஏழை ஊராரின் தலையில் சுமத்தலாமா என்னும் கேள்வி எழுவது இயல்பே. அரசு தன் பங்கை விலக்கிக்கொண்டிருந்தால் அக்கேள்விக்கு விடையில்லை. 10 காசில் பெரும்பங்கை அரசே தாங்கியது. புதிய பள்ளிகளையும் அரசே திறந்தது. ஊராரிடம் வேண்டப்பட்டது பொருளைக் காட்டிலும் பொறுப்பு. பலகை கொடுத்தவரின் பிள்ளை மறுநாள் அதே பலகையில் அமர்ந்தது. அதன் அருகே, பலகை கொடுக்க இயலாதவரின் பிள்ளையும் அமர்ந்தது. இரட்டைமலை சீனிவாசனைத் தடுத்த தெரு, பள்ளிக்குப் பந்தல் போடும் தெருவாக மாறத் தொடங்கிய காலம் அது. மாற்றம் முழுமை பெறவில்லை என்பதும் உண்மையே.

தொழிற்பேட்டையின் பிள்ளைகள்

அக்காலத்தில் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த திருப்பெரும்புதூர் வட்டாரம் நாற்பதாண்டுக்குள் வேறு உலகமாயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையின் முதல் மகிழுந்து 1998இல் வெளிவந்தது. திருப்பெரும்புதூரில் 2006இல் கைப்பேசி செய்யத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014இல் மூடப்பட்டுப் பல குடும்பங்களைத் தவிக்கவிட்டது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010இலும், டைம்லர் 2012இலும், ராயல் என்பீல்டு 2013இலும் உற்பத்தியைத் தொடங்கின. 2024இல் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்க்கென 18,720 படுக்கைகள் கொண்ட தங்குமிடம் திறக்கப்பட்டது. மாகாணம் முழுவதிலும் 4,540 சிறுமியர் மட்டுமே பள்ளி சென்ற நாளோடு ஒப்பிட்டால், பள்ளி முடித்துத் தாமே பொருளீட்ட வந்த இப்பெண்களின் எண்ணிக்கை இருநூறாண்டு மாற்றத்தைச் சொல்லும்.

ஆனால், இவ்வட்டாரத்தில் 'ஊர்' எது என்பது இன்று தெளிவாயில்லை. நிலம் விற்ற குடும்பங்களில் வசதி பெற்றவை தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வண்டியில் ஏற்றி அனுப்புகின்றன. இரவு முறை முடிந்து தந்தை வீடு திரும்பும் வேளையில் பிள்ளை பள்ளிக்குக் கிளம்புகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளரின் பிள்ளைகள் ஊர்ப் பள்ளியில் சேர்ந்து தமிழ் கற்கின்றனர். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் அதற்கு வழிவகுத்துள்ளது. ஆயினும், பிள்ளையின் நோட்டில் ஆசிரியர் எழுதியனுப்பும் ஒருவரிக் குறிப்பை அத்தாயால் படிக்க முடிவதில்லை. அங்கே வீடு விரும்பியும் பள்ளியோடு பேச இயலவில்லை.

உதவிக்குக் குறைவில்லை. 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 1982இல் தொடங்கிய சத்துணவோடு, 2022இல் காலை உணவும் சேர்ந்தது. 2023இல் அது மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. பள்ளிக்குக் கொடை திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி'த் திட்டமும் 2022இல் வந்தது. பெயரிலேயே கடம்பத்தூரின் எதிரொலி கேட்கிறது.

இவை அனைத்தும் வரவேற்கத்தக்கவை. எனினும், ஒரு வேறுபாடு உண்டு. வகுப்பறை கட்டித் தரும் ஆலையின் மேலாளர் வீட்டுப் பிள்ளை அவ்வறையில் அமர்வது அரிது. கொடை வருகிறது, கேள்வி கேட்கும் உரிமையாளர் வருவதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். அந்தப் பழைய நான்கு காசின் உரிமை இன்று சட்டமாகக் கையில் இருக்கிறது. முறை வேலைக்குச் செல்லும் தாயும், மொழி அறியாத தாயும் வந்தமரும் நேரத்திலும் மொழியிலும் அக்குழு கூடினால்தான் அவ்வுரிமை உயிர்பெறும்.

சமுதாயம் பிறக்க நெடுங்காலம் வேண்டியதில்லை என்பதற்கும் அண்மைச் சான்று உண்டு. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' இயக்கத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர் தம் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துவைத்துக் கற்பித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். திண்ணை மீண்டும் பள்ளியாயிற்று. இம்முறை அதில் அமர எவர்க்கும் தடையில்லை.

இத்தகைய தெருக்களில் இலக்கிய மன்றங்களுக்கும் பணி உண்டு. தமிழைப் புதிதாகக் கற்கும் ஒடியச் சிறுமிக்குக் கதை சொல்லவும், பள்ளி நூலகத்துக்கு வாரத்தில் ஒரு மாலையை அளிக்கவும், மேலாண்மைக் குழுவில் தாய்மாரின் பேச்சை எழுத்தில் வடித்துக் கொடுக்கவும் கவிஞரைவிடத் தகுந்தவர் யார்? பொன்முடியாரின் பட்டியலில் கொல்லன் தன் உலைக்களத்தை விட்டு எங்கும் செல்லவில்லை. தனக்குத் தெரிந்த தொழிலால் ஊர்ப் பிள்ளைக்கு ஆனதைச் செய்தான். சொல்லைத் தொழிலாகக் கொண்டோர்க்கும் கடமை அவ்வளவே.