கணக்கு வாத்தியார் நூலகரான கதை

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை ஒரு கணக்கு வாத்தியார் ஏற்றார். அவர்தான் எஸ். ஆர். இரங்கநாதன். 1892இல் சீர்காழியில் பிறந்தவர். மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய ஊர்களில் அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தவர். நூலகப் பயிற்சி எதுவும் அப்போது அவருக்கு இல்லை. மாணவர் முகம் பார்த்துப் பேசிப் பழகியவருக்கு, ஆள் நடமாட்டம் குறைந்த நூலகத்தில் உட்கார்ந்திருப்பது தனிமைச் சிறை மாதிரி இருந்தது. மீண்டும் வகுப்பறைக்கே போய்விட நினைத்தார்.

ஆனால் அதே ஆண்டு அவர் லண்டனுக்குப் படிக்கப் போனார். பாடத்தோடு நிற்காமல் பல நூலகங்களையும் நேரில் சுற்றிப் பார்த்தார். ஊர் மக்களுக்கு ஒரு நூலகம் எவ்வளவு செய்ய முடியும் என்பது அங்கேதான் அவருக்குப் பிடிபட்டது.

அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில துண்டுகள், கொஞ்சம் திருகாணிகள். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொம்மைகள் செய்யலாம். நூல்களை வகைப்படுத்துவதையும் இப்படிச் செய்தால் என்ன என்று யோசித்தார். அதுவரை பரவலாக இருந்தது மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. அதில் ஒவ்வொரு துறைக்கும் எண் முன்கூட்டியே தயாராக இருக்கும். இரங்கநாதனோ ஒரு நூலின் பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து, அந்தத் துண்டுகளை முக்காற்புள்ளியால் இணைத்தார். அதுவே 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

1925இல் சென்னை திரும்பியவர், வாசகர்கள் தாங்களே அலமாரிக்குச் சென்று நூல் எடுக்க வழிசெய்தார். தேடி வருபவருக்கு உதவ ஆள் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். நூல்கள் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தவே என்பதும், வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதும் அவற்றில் அடக்கம். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் போனது. அன்றைக்குக் கையில் கிடைத்த தொழில்நுட்பம் அதுதான்!

சரி, இதற்கும் நம் தேர்வுக்கும் என்ன சம்பந்தம்?

கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் நான் அடிக்கடி கேட்கும் பதில் இது: "தேடிப் பார்த்துட்டேன், ஒண்ணும் கிடைக்கல." என்ன தேடினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் தேர்வுத்தாளில் இருந்த கேள்வியை அப்படியே தட்டியிருப்பார்கள். கணினி குறைவதில்லை, இணையமும் குறைவதில்லை. கேள்வியைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் குறைகிறது.

இரங்கநாதன் பின்னாளில் ஒரு நூலின் பொருளை ஐந்து கூறுகளாகப் பார்த்தார்: முதன்மையாக எதைப் பற்றியது, அதன் மூலப்பொருள் அல்லது பண்பு என்ன, நடக்கும் செயல் என்ன, எந்த இடம், எந்தக் காலம். ஒவ்வொரு கேள்வியிலும் ஐந்தும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இருப்பதைப் பிரித்தாலே பாதி வேலை முடிந்தது.

ஓர் எடுத்துக்காட்டு. '1930களில் சிங்கப்பூரில் தமிழ்ப் பத்திரிகைகள் சமூகச் சீர்திருத்தத்திற்கு எவ்வாறு துணைநின்றன?' என்று கேள்வி வருகிறது. முதன்மைப் பொருள்: தமிழ்ப் பத்திரிகை. செயல்: சீர்திருத்தப் பிரசாரம். இடம்: சிங்கப்பூர். காலம்: 1930கள். இப்படிப் பிரித்ததுமே 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' கண்முன் வந்துவிடும். அடுத்து தமிழர் சீர்திருத்தச் சங்கம். பழைய 'தமிழ் முரசு' இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் இன்று யாரும் படிக்கலாம். 'சிங்கப்பூர்' என்று மட்டும் தேடாமல் 'சிங்கை', 'மலாயா' என்றும் தேடச் சொல்லுங்கள். அன்றைய எழுத்து வழக்கு வேறு.

இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் ஒரு பதில் வருகிறது. நேரம் மிச்சம்தான். ஆனால் அது சரியா, எந்த ஆண்டைச் சொல்கிறது, எங்கிருந்து எடுத்தது என்று கேட்கத் தெரியாத மாணவருக்கு அந்த வேகத்தால் என்ன லாபம்? தவறான ஆண்டும் அதே வேகத்தில்தான் விடைத்தாளுக்குப் போகும்.

கணக்கில் விடைக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது, வழிமுறைக்கும் உண்டு. வரலாற்றுத் தேடலும் அப்படித்தான். அடுத்த பயிற்சியில் மாணவர்கள் கைப்பேசியைத் தொடுமுன், கேள்வியில் எது, என்ன செயல், எங்கே, எப்போது என்று நான்கு வரி எழுதட்டும். ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த நான்கு வரிகளையும் சேர்த்தே திருத்துங்கள், ஆசிரியர்களே.