மட்டக்களப்பு வாவிக்கரையின் மட்கலக் கலை

மண்ணைத் தேர்ந்து, பிசைந்து, வனைந்து, சுட்டு, தம் கைக்குறியுடன் வெளியிடுவது வரையிலான பணி முழுவதையும் ஒரு கைவினைஞரே தம் பொறுப்பில் நிறைவேற்றும் முறையை இன்றைய கலையுலகம் ‘ஸ்டூடியோ மட்கலக் கலை’ என வழங்குகிறது. தொழிற்சாலை உற்பத்திக்கு மாற்றாக வளர்ந்த இக்கலைக்கு, பேர்னாட் லீச் என்னும் ஆங்கிலேயரும் ஷோஜி ஹமாடா என்னும் ஜப்பானியரும் 1920இல் இங்கிலாந்தின் சென்ட் ஐவ்ஸில் தொடங்கிய பணிக்கூடம் முன்னோடியாகப் போற்றப்படுகிறது. அவர்களும் அவர்தம் நண்பர் யனாகி சோயெட்சுவும் ஊர் பேர் தெரியாத கிராமத்துக் குயவர் அன்றாடப் புழக்கத்துக்கென வனைந்த கலங்களையே தம் கலைக்கு அளவுகோலாகக் கொண்டனர். அவ்வளவுகோலால் நோக்கின், மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த குயவர் முற்றங்களும் கலைக்கூடங்களாகவே மதிக்கத்தக்கவை.

இலங்கையின் கீழ்க்கரையில் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் இவ்வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணற்பாங்கானது. மேற்கிலுள்ள படுவான்கரையோ, ஆறுகள் கொணர்ந்த வண்டல் படிந்து, வயலும் குளமுமாக விரிந்தது. நெல்லை விளைவிக்கும் அந்நிலத்தின் களியே வனைதலுக்கும் உரியதாதலால், உழவும் வனைதலும் ஒரே மண்ணை நம்பி வாழ்ந்தன.

களிமண்ணை உலர்த்தி உடைத்து, கல்லும் வேரும் நீக்கி, நீரில் ஊறவைத்து, நுண்மணல் கலந்து மிதித்துப் பதப்படுத்துவர். உலரும்போது கலம் அளவுக்கு மீறிச் சுருங்கி வெடிக்காமலும், அடுப்பின் சூட்டைத் தாங்கவும் அம்மணல் உதவுகிறது. திரிகை எனப்படும் சக்கரத்தில் வாயும் கழுத்தும் சுவரும் எழுப்பப்பட்டபின், கலம் நூலால் அறுத்தெடுக்கப்பட்டு, சற்று உலர்ந்ததும் உள்ளே கல்லை அணைகொடுத்து வெளியே பலகையால் தட்டி, அடிப்பாகம் மூடி உருட்டப்படுகிறது. மூலையற்ற அவ்வடி வெப்பத்தைச் சீராகப் பரப்புகிறது. தட்டத்தட்டச் சுவர் மெலிந்தும் இறுகியும் உறுதிபெறுகிறது.

இக்கைத்திறனின் பின்புலம் தொன்மையானது. வாகரைக்கு வடக்கே கதிரவெளியில் பெருங்கற்காலக் கல்லறைகள் அறியப்பட்டுள்ளன. அப்பண்பாட்டின் அடையாளமாகத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைக்கும் கறுப்புச் சிவப்பு மட்கலங்கள் பெரும்பாலும் கவிழ்த்துச் சுடப்பட்டவை. காற்றுப் புகாத உட்புறம் கறுத்தும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தும் அமைந்த அவை, தீயையும் காற்றையும் ஆளத் தெரிந்தவர்களின் ஆக்கங்களாகும்.

அவ்வறிவின் பயனை இன்றைய மட்டக்களப்பில் எருமைத் தயிர் உறையும் மண்முட்டி காட்டுகிறது. மெருகூட்டப்படாத அதன் சுவரிலுள்ள நுண்துளைகள் தயிரின் மிகை நீரை உறிஞ்சி வெளியே ஆவியாக்குவதால், தயிர் கட்டியாக உறைவதோடு குளிர்ச்சியும் பெறுகிறது. கண்ணகி அம்மன் கோயில்களின் வைகாசிச் சடங்கிலும் தைப்பொங்கலிலும் புதுப்பானை ஏற்றப்படுகிறது. கார்த்திகை விளக்கீட்டில் மண்விளக்குகள் எரிகின்றன. ஆண்டுதோறும் புதுக்கலம் வேண்டும் இவ்வழக்கங்களே குயவரின் திரிகையை ஓயாது சுழலச் செய்தன.

கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் நூலில் குயவரின் தொழிலையும் சிற்பம், ஓவியம் ஆகியவற்றோடு ஒருசேர ஆராய்ந்தார். ஆய்வுலகில் அவர் அளித்த அவ்விடத்தை நடைமுறையிலும் குயவருக்கு உறுதிசெய்வது நம் தலைமுறையின் கடன். புதுச்சேரியில் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971இல் நிறுவிய ‘கோல்டன் பிரிட்ஜ்’ பணிக்கூடம் இந்தியக் கலைஞர் பலரை உருவாக்கியதைப் போல, கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் மாணவரும் வாவிக்கரைக் குயவரும் ஒரே முற்றத்தில் பயிலும் நிலை உருவாக வேண்டும். படுவான்கரைக் களிகளின் இயல்புகள் ஆராய்ந்து பதியப்படவும், ஒவ்வொரு முட்டியின் அடியிலும் வனைந்தவர் பெயர் பொறிக்கப்படவும் வேண்டும். அவ்வாறு பெயரும் உரிய விலையும் கிடைக்குமாயின், குயவரின் பிள்ளைகள் பெருமையுடன் திரிகையின் முன் அமர்வர்.