கடலுக்கு அக்கரையில் ஒரு மருத்துவமாது

திருமலை வரலாறு எண்டாலே கோட்டை, கப்பல், எண்ணெய்க் குதம், 1942 ஏப்ரல் 9 ஜப்பான் குண்டுவீச்சு. பிரித்தானியருக்கு இந்தத் துறைமுகம் தேவைப்பட்டது. அதனால கடற்படைக்கெண்டு தனி வைத்தியசாலையும் இங்க இருந்தது. ஆனா கிண்ணியாவிலயும் மூதூரிலயும் நடுச்சாமத்தில பிரசவவலி வந்த பெண்ணுக்கு யார் இருந்தது?

1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். 1950களில் அது ஏறக்குறைய 500 ஆகக் குறைந்தது. மலேரியா அடங்கியது ஒரு காரணம். இன்னொரு காரணம், 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை. பயிற்சி பெற்ற மருத்துவமாதை அரச சம்பளத்தில் நியமித்து, ஒரு பிரதேசத்தை அவரிடமே ஒப்படைத்தார்கள். நாங்கள் 'மிட்வைஃப் மிஸ்ஸி' எண்டு கூப்பிடுற ஆள் அவர்தான்.

அவரின் வேலை பிரசவத்தோட முடியிறதில்லை. கர்ப்பிணிகளைப் பதிய வேணும், வீடு வீடாப் போக வேணும், பிறகு பிள்ளையின் நிறையையும் பாக்க வேணும். இதை மாதத்துக்கொருக்கா வந்துபோற முகாம் செய்யாது. கிண்ணியாப் பாலம் திறந்ததே 2009இல்தான். அதுவரை நகரத்துக்கு வர படகுப்பாதையை நம்ப வேணும். அக்கரையிலேயே ஒருவர் இருப்பதுதான் உயிர் காத்தது.

1987இன் 13ஆம் திருத்தம் சுகாதாரத்தை மாகாணங்களுக்கும் பகிர்ந்தது. அதனால நியமன அறிவித்தல் வரும்போது எண்ணிக்கையை மட்டும் பாக்காம, எந்த ஊருக்கு, எந்த மொழி பேசுற ஆள், எவ்வளவு காலத்துக்கு எண்டும் நாங்கள் கேக்க வேணும்.