ஒரு கையில் மருந்து, மறு கையில் விலங்கு

வழக்கு ஒன்று; அரசு ஒன்று; நீதிமன்றமும் ஒன்று. ஆனால் அந்த அரசின் நாக்கு மட்டும் இரண்டாகிவிட்டது!

டெல்லி உயர்நீதிமன்றத்தில் 2001ஆம் ஆண்டு தொடுக்கப்பட்ட வழக்கு அது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு நீடிக்கலாமா என்பது வழக்கின் பொருள். தொடுத்தவர்கள் எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் ஈடுபட்டிருந்த நாஸ் அறக்கட்டளையினர். அந்தப் பிரிவு நீடிக்கவேண்டும், எடுத்துவிட்டால் ஒழுக்கக்கேடு பெருகும் என்றது மத்திய உள்துறை. அதே மத்திய அரசின் சுகாதாரத் துறையைச் சேர்ந்த தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2006ஆம் ஆண்டு அளித்த வாக்குமூலத்தில் என்ன சொல்லிற்று? அந்தப் பிரிவு இருப்பதால்தான் மக்கள் மறைந்து வாழ்கிறார்கள், அவர்களை மருத்துவம் எட்டமுடியவில்லை என்றது.

ஒரு துறை மருந்தை நீட்டுகிறது. மறு துறை விலங்கை நீட்டுகிறது. நோயாளி எந்தக் கையை நம்புவான்? இந்தக் கேள்விக்குள் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

விலங்கு வந்த வழியை முதலில் காண்போம். மெக்காலே தலைமையில் 1837ஆம் ஆண்டு வரைவாக உருவெடுத்து, 1860ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டு, 1862ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது இந்தியத் தண்டனைச் சட்டம். ‘இயற்கைக்கு மாறான’ உறவு கொண்டாருக்குப் பத்தாண்டுச் சிறை, ஆயுள் தண்டனையும் விதிக்கலாம் என்றது 377ஆம் பிரிவு. ஆள வந்த வெள்ளையன் தன் நாட்டு ஒழுக்க நூலை நம் தலையில் சட்டமாகச் சூட்டினான்.

அத்துடன் நின்றானா? இல்லை. குற்றப்பரம்பரைச் சட்டம் என்றவுடன் 1920ஆம் ஆண்டு பெருங்காமநல்லூரில் சிந்திய செங்குருதி தமிழர் நெஞ்சில் நிழலாடும். அச்சட்டம் 1871ஆம் ஆண்டு வடபுலத்தில் முதன்முதலாகப் பிறந்தபோது அதற்கு இரண்டாம் பகுதியொன்று இருந்தது என்பதை நம்மிற் பலர் அறியார். இன்று நாம் திருநங்கையர் என்று மதிப்புடன் அழைக்கும் மக்களைக் குறிவைத்த பகுதி அது. 377ஆம் பிரிவின்படி குற்றம் புரிபவர் என்று ஐயுறப்பட்டால் போதும், பெயரும் உறைவிடமும் பதிவேட்டில் ஏறும். ஏறிய பின், பெண்ணுடை உடுத்துத் தெருவில் தோன்றினாலும் குற்றம். கூத்தாடிப் பிழைத்தாலும் குற்றம். ஈராண்டு வரை சிறை! செய்த செயலுக்கன்று, பிறந்த பிறப்புக்கே தண்டனை.

வெள்ளையன் போனான், அவன் எழுதிய 377 போகவில்லை. உறங்கும் பாம்பாகச் சட்டப் புத்தகத்தில் சுருண்டு கிடந்தது. அது சீறி எழுந்தது எய்ட்ஸ் வந்த பிறகு.

1986ஆம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை சுனிதி சாலமன்; அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலா. பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களிடமிருந்து திரட்டிய குருதியை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்று சோதித்தபோது, ஆறு பேரிடம் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இந்தியாவில் இந்நோய்க் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வரலாறு இதுதான். ‘இது மேலைநாட்டார் நோய், நம் பண்பாடு நமக்குக் கவசம்’ என்று மார்தட்டியவர்களின் வாயை அடைத்தது அந்த ஆறு துளி உண்மை.

அரசுகள் முதலில் எடுத்த ஆயுதம் எது தெரியுமா? மருந்தன்று, பூட்டு! கோவாவில் பொதுச் சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டது; நோய்க்கிருமி கண்டவரைத் தனித்து அடைக்க அதிகாரம் தரப்பட்டது. 1989ஆம் ஆண்டு டொமினிக் டிசூசா என்ற இளைஞர், குருதிக்கொடை தந்த ஒரே காரணத்தால் அகப்பட்டார். உயிர் காக்கக் குருதி தந்தவரைக் காவலர்கள் கொண்டுபோய், பயன்படாமற் கிடந்த காசநோய் மருத்துவமனையொன்றில் அறுபத்துநான்கு நாட்கள் அடைத்துவைத்தனர். இதைக் கண்ட பின் எவன் துணிந்து குருதிச் சோதனைக்கு வருவான்? அச்சுறுத்தினால் மனிதன் ஒளிவான், நோய் ஒளியாது. அது ஒளிந்தவனோடு சேர்ந்தே ஊர் சுற்றும்.

1994ஆம் ஆண்டு டெல்லி திகார் சிறையில் நடந்ததையும் பாருங்கள். கைதிகளுக்கு ஆணுறை வழங்குங்கள் என்றனர் மருத்துவர்கள். வழங்கினால் 377ஆம் பிரிவு தடைசெய்த செயலை ஒப்புக்கொண்டதாகும் என்று மறுத்தது சிறை நிர்வாகம். நோய் வந்தாலும் வரட்டும், சட்டத்தின் மானம் காப்பாற்றப்பட வேண்டுமாம்! அதை எதிர்த்து அந்த ஆண்டே வழக்கொன்று தொடுக்கப்பட்டது. கேட்பாரற்றுக் கிடந்து பின்னர் தள்ளுபடியாயிற்று.

2001ஆம் ஆண்டு சூலையில் லக்னோ நகரில் நோய்த்தடுப்புப் பணியாளர் நால்வர் கைது செய்யப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம்? ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே பாதுகாப்பு முறைகளை எடுத்துரைத்ததும் ஆணுறை வழங்கியதும். நாற்பத்தேழு நாட்கள் சிறையில் வாடினர். அரசு நோயைத் தடுக்கச் சொன்னது. தடுத்தவரை அரசின் காவலர் தடுத்தனர்!

இந்தப் பின்னணியில்தான் தொடக்கத்தில் சொன்ன வழக்கு எழுந்தது. அதில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வைத்த கணக்கு நெஞ்சை உலுக்குவது. பொதுமக்களிடையே எச்.ஐ.வி. தொற்று ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு; ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே அது 8 விழுக்காடு. ‘பார்த்தீர்களா, பாவத்தின் சம்பளம்!’ என்பர் பழமைவாதிகள். பாவத்தின் சம்பளமன்று அது, பயத்தின் வட்டி. சோதனைக்கு வர அஞ்சியவன், மருத்துவரிடம் உண்மை சொல்ல அஞ்சியவன், ஆணுறையைச் சட்டைப் பையில் வைத்திருக்கவும் அஞ்சியவன் கட்டிய வட்டி.

2009ஆம் ஆண்டு சூலை 2ஆம் நாள், நீதிபதிகள் ஏ.பி.ஷாவும் எஸ்.முரளிதரும், வயது வந்தோர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என்று தீர்ப்பளித்தனர். பாதை திறந்தது. ஆனால் 2013ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்தப் பாதையை அடைத்தது. நூற்றைம்பது ஆண்டுகளில் இருநூறு பேர்கூடத் தண்டனை வழக்குக்கு ஆளாகவில்லையே என்று அத்தீர்ப்பு கேட்டது. கேள்வி சரி, விடை வேறு. சட்டம் வேலை செய்ய நீதிமன்றம் வரை போகவேண்டியதில்லை. தெருமுனையில் நிற்கும் காவலரின் தடி போதும். ‘உன் வீட்டாரிடம் சொல்லட்டுமா?’ என்ற மிரட்டல் போதும். அந்தக் கணக்கு எந்தத் தீர்ப்புத் தொகுதியிலும் ஏறுவதில்லை.

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு, திருநர்க்குத் தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமை உண்டு என்றது. ஒருவர் இன்னார் என்று அடையாளம் தருவார்களாம். அவர் அன்பு கொண்டால் மட்டும் 2013 தீர்ப்பு அவரைக் குற்றவாளியாக்குமாம்! இந்த முரண் 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள்தான் தீர்ந்தது. ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக மனமொப்பிய உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து விடுவித்தனர். நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 10ஆம் நாள், எச்.ஐ.வி. கண்டவர்க்குக் கல்வியிலும் வேலையிலும் மருத்துவத்திலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 2017ஆம் ஆண்டின் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விலங்கு கழன்ற கிழமையும் காப்பு ஏறிய கிழமையும் ஏறக்குறைய ஒன்றாயின.

அரசு மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழகமே சான்று. 1994ஆம் ஆண்டு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் இங்கே அமைந்தது. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது, முதல் மையங்களுள் ஒன்றாகத் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை விளங்கிற்று. 2008ஆம் ஆண்டு அரவாணிகள் நல வாரியம் பிறந்தது. ‘திருநங்கை’ என்ற சொல் அரசு ஏட்டில் ஏறியது. சொல்தானே என்று எண்ணாதீர்கள். இழிசொல்லால் அழைக்கும் மருத்துவமனை வாயிலை எந்த நோயாளியும் இருமுறை மிதிக்கமாட்டான்!

ஆனால் வேலை முடியவில்லை. 2017ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டில் வயது வந்தோரிடையே தொற்று 0.22 விழுக்காடு, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே 2.69, திருநங்கையரிடையே 3.14. பழைய அச்சத்தின் வட்டி இன்னும் கட்டித் தீரவில்லை என்பதையே இந்த எண்கள் சொல்கின்றன. மருத்துவரின் மனத்திலிருந்தும் விலங்கு கழலவேண்டும். அதற்கும் ஓர் அடி எடுத்துவைத்தது சென்னை உயர்நீதிமன்றம். தன்பாலீர்ப்பை ‘மாற்றிவிடுகிறேன்’ என்று நடத்தும் போலி மருத்துவம் கூடாது என 2021ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஆணையிட்டார். அதைத் தொடர்ந்து 2022ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதனைத் தொழில் ஒழுக்கக்கேடு என அறிவித்தது.

இன்னொரு பாடம் கடல் கடந்து வந்தது. ஐதராபாத்தில் 2021ஆம் ஆண்டு திருநர்க்கென்றே, திருநரே பணியாற்றும் ‘மித்ர்’ என்ற மருத்துவகம் அமெரிக்க அரசின் உதவியால் தொடங்கியது. கல்யாணிலும் புனேயிலும் கிளைத்தது. 2025ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் வாசிங்டனில் புதிய குடியரசுத் தலைவர் வெளிநாட்டு உதவியை நிறுத்தி ஒரு கையொப்பமிட்டார். சில கிழமைகளில் மூன்று வாயில்களும் மூடப்பட்டன. ஐதராபாத் மருத்துவகம் அதே ஆண்டில் டாட்டா அறக்கட்டளையின் துணையால் வேறு பெயரில் மீண்டும் திறந்தது உண்மை. ஆனால் அயலானின் பேனா முனையில் நம் நோயாளியின் மூச்சு தொங்குவது முறையா? இரவல் நெய்யில் எரியும் விளக்கு எத்தனை நாள் எரியும்? மக்களின் உடல்நலம் கொடையன்று, உரிமை. உரிமைக்கு நிதி அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் இருக்கவேண்டும்.

வகுப்பறையில் வரலாறு கற்பிக்கும்போது ஆண்டுகளை மனனம் செய்யச் சொல்கிறோம். 1862, 2009, 2013, 2018 என்ற ஆண்டுகளையும் பிள்ளைகள் அறியட்டும். ஒவ்வோர் ஆண்டிலும் ஏட்டில் ஒரு வரி மாறியது. அந்த வரி மாறியதால் மருத்துவமனை வாயிலில் எங்கோ ஒருவர் உள்ளே நுழைந்தார், அல்லது திரும்பிப் போனார். உள்ளே நுழைந்தவர் பிழைத்தார். திரும்பிப் போனவரைச் சாகடித்தது கிருமி மட்டுமன்று.