ஆண்குறிப் புற்றுநோய்

ஆண்குறிப் புற்றுநோய் என்பது ஆண்குறியின் தோலிலோ திசுக்களிலோ உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாகும் நோய் ஆகும். ஏறத்தாழ 95% நோயாளிகளில் இது தோலின் செதிள் உயிரணுக்களில் தொடங்குகிறது. பெரும்பாலும் ஆண்குறி மொட்டிலோ முன்தோலின் உட்பக்கத்திலோ தோன்றும். 2020 ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 36,000 பேருக்கு இந்நோய் புதிதாக ஏற்பட்டதாகவும், 13,000 பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அரிதான இந்நோய், பிரேசில், உகாண்டா, இந்தியா போன்ற நாடுகளில் ஒப்பீட்டளவில் மிகுதியாகக் காணப்படுகிறது.

காரணங்கள்

இந்நோய்க்கு ஒரே காரணம் இல்லை. முன்தோலைப் பின்னுக்குத் தள்ள இயலாத நிலையான முன்தோல் குறுக்கம் முதன்மையான இடர்க் காரணி ஆகும். இந்நிலையில் தோலின் அடியில் அழுக்குச் சேர்ந்து, நாட்பட்ட அழற்சி உண்டாகிறது. ஏறத்தாழ பாதி நோயாளிகளில் மனிதப் பாப்பிலோமா தீநுண்மத்தின் தொற்று காணப்படுகிறது. அவற்றுள் 16 ஆம் வகையே மிகுதி. புகைத்தல், எச்.ஐ.வி. தொற்று, முதுமை, தோலை வெளிறித் தடிக்கச் செய்யும் சில நாட்பட்ட தோல் நோய்கள் ஆகியவையும் இடரை அதிகரிக்கின்றன.

குழந்தைப் பருவத்திலேயே முன்தோல் நீக்கப்பட்டவர்களிடம் இந்நோய் மிக அரிது. வயது வந்தபின் செய்யப்படும் முன்தோல் நீக்கம் அதே அளவு பாதுகாப்பைத் தருவதில்லை.

அறிகுறிகள்

ஆறாத புண், கட்டி, தோலின் நிறமாற்றம், குருதிக் கசிவு, முன்தோலின் அடியிலிருந்து துர்நாற்றமுள்ள நீர் வடிதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள் ஆகும். தொடக்கத்தில் வலி இருப்பதில்லை. இதனாலும், கூச்சத்தாலும், பால்வினை நோய் என்று கருதப்படுமோ என்ற அச்சத்தாலும் பலர் மருத்துவரை அணுகப் பல மாதங்கள் தாமதிக்கின்றனர். இத்தாமதமே சிகிச்சையின் பலனைப் பெரிதும் குறைக்கிறது. சில வாரங்களில் ஆறாத எந்தப் புண்ணையும் திசு ஆய்வுக்கு உட்படுத்துதல் வேண்டும்.

சிகிச்சை

நோய் மேல்தோலில் மட்டும் இருப்பின் இமிக்குவிமோடு, 5-புளோரோயுராசில் போன்ற களிம்புகளோ சீரொளிச் சிகிச்சையோ போதுமானவை. முன்தோலில் மட்டும் உள்ள கட்டிக்கு முன்தோல் நீக்கமே சில வேளைகளில் சிகிச்சையாக அமையும். ஆழமாகப் பரவியிருந்தால் ஆண்குறியின் ஒரு பகுதியோ முழுமையோ அகற்றப்படும். பகுதி அகற்றத்திற்குப் பின்னும் பலரால் நின்றவாறு சிறுநீர் கழிக்கவும் உடலுறவு கொள்ளவும் இயலும். முழுமையாக அகற்றப்படின், விதைப்பைக்குப் பின்னால் சிறுநீர்த் துளை அமைக்கப்படுகிறது. சிறிய கட்டிகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையும் உண்டு.

நோய் முதலில் தொடை இடுக்கிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கே பரவுகிறது. கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் சேரும் கணுவைச் சோதித்துப் பரவலை அறியும் முறையை 1977 இல் இரமோன் கபானாசு இந்நோய்க்கு விளக்கினார். பின்னர் இக்கருத்து மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையிலும் பரவலாயிற்று. கணுக்களில் நோய் இருப்பின் அவை அகற்றப்படும். மேலும் பரவியிருந்தால் சிசுபிளாட்டின் முதலிய மருந்துகளால் வேதிச்சிகிச்சை அளிக்கப்படுகிறது.

ஆண்குறியைத் தாண்டிப் பரவாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் இது ஏறத்தாழ பத்தில் ஒருவராகக் குறைகிறது.

தடுப்பு

முன்தோலின் அடிப்பகுதியை நாள்தோறும் நீரால் கழுவுதல், முன்தோல் குறுக்கத்திற்குச் சிகிச்சை பெறுதல், புகைத்தலைத் தவிர்த்தல், ஆணுறை பயன்படுத்துதல் ஆகியன இடரைக் குறைக்கும். பாப்பிலோமா தீநுண்மத் தடுப்பூசி சிறுவர்களுக்கும் இடத்தக்கது. ஆத்திரேலியா 2013 முதல் இதனைப் பள்ளிச் சிறுவர்களுக்கு இலவசமாக வழங்கி வருகிறது.