பெயர் எழுதிய கல்லும் பெயர் எழுதாத கைகளும்

ஆதிபகவன் விருஷபநாதர் துறவு பூண்டு, நெடிய நோன்பை முடித்து, உணவு ஏற்கும் பொருட்டு ஊர்தோறும் நடந்தபோது மக்கள் அவரை வணங்கி எதிர்கொண்டனர். யானையும் குதிரையும் அணிகலனும் பட்டாடையும் கொணர்ந்து திருவடியில் வைத்தனர். ஒரு கவளம் உணவு அளிக்க வேண்டும் என்பது எவர்க்கும் தோன்றவில்லை. மாதங்கள் பல கடந்தபின், அத்தினாபுரத்துச் சிரேயாம்சன் முற்பிறவி நினைவு வரப்பெற்று, துறவியர்க்கு உணவளிக்கும் முறையை உணர்ந்து, கருப்பஞ்சாற்றைப் பெருமான் திருக்கரங்களில் வார்த்தான். அந்நாளையே அட்சய திருதியை எனப் போற்றி வருகிறோம்.

இவ்வரலாற்றில் ஓர் ஆழ்ந்த பொருள் உண்டு. அம்மக்களிடம் பொருள் இருந்தது. கொடுக்கும் மனமும் இருந்தது. எது தேவை, அதனை எங்ஙனம் சேர்ப்பிப்பது என்று அறிந்தவர் மட்டுமே இல்லை. கொடுப்பவரையும் தேவையையும் இணைக்கின்ற கை இல்லாதவிடத்துச் செல்வமும் பயன்படாது போகின்றது. அந்த இணைக்கும் கையைத்தான் இக்காலத்தில் தொண்டர் என்று அழைக்கிறோம். தமிழ் மண்ணில் ஜினதருமம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்ததற்கு அக்கைகள் எத்துணைக் காரணம் என்பதைக் கல்வெட்டுகளின் துணைகொண்டு காணலாம்.

குகைகளில் வணிகர் பெயர்கள்

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குன்றில், கணிநந்தி என்னும் துறவிக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தி தமிழி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளது. அறிஞர் இதனைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டினது என்பர். அங்கே நெடுஞ்செழியனின் அலுவலன் பெயர் உண்டு. அதனோடு வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தாரும் கொடையாளராகக் குறிக்கப்பெறுகின்றனர். நிகமம் என்பது வணிகர் குழு. தனி ஒருவர் ஈந்ததாக இல்லாமல் ஒரு குழுவே கூடி ஈந்த அறம் அது. பலர் கூடிக் கொடுத்தார்கள் எனின், அவர்களைக் கூட்டியவர் ஒருவர் இருந்திருத்தல் வேண்டும். கடைதோறும் சென்று பேசியிருத்தல் வேண்டும். பங்கைப் பெற்றுக் கணக்கு வைத்திருத்தல் வேண்டும். அவர் பெயர் கல்லில் இல்லை.

அழகர்மலைக் குகைக் கல்வெட்டுகளும் இத்தகையனவே. மதுரையைச் சார்ந்த உப்பு வணிகன், பொற்கொல்லன், அறுவை வணிகன், கொழு வணிகன், பணித வணிகன் ஆகியோர் அங்கே கொடையாளராகத் தோன்றுகின்றனர். அறுவை என்பது துணி; கொழு என்பது ஏர்முனையில் பொருத்தும் இரும்பு; பணிதம் என்பது வெல்லப்பாகு. உப்பும் துணியும் ஏர்க்கொழுவும் விற்றவர்கள் அருகருகே பெயர் பொறித்திருப்பது, அக்காலத்துக் கடைத்தெரு முழுவதும் ஓர் அறத்திற் பங்குகொண்ட காட்சியை நம் கண்முன் நிறுத்துகின்றது.

உழைப்போரும் பெண்டிரும்

கழுகுமலைக்குச் செல்வோர் அங்குள்ள தீர்த்தங்கரர் திருவுருவ வரிசைகளைக் கண்டு வியப்பர். ஒவ்வோர் உருவத்தின் கீழும் வட்டெழுத்தில் உள்ள பெயர்களைப் படிப்போர் சிலரே. கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த அவ்வெழுத்துகளில் பற்பல ஊரினர் பெயர்கள் உள்ளன. தச்சரும் குயவரும் அவர்களுள் உண்டு. குரத்தியர் எனப்பெற்ற பெண் துறவியரும் உண்டு. பாறை ஒன்று, உருவங்கள் பல, கொடுத்தோர் பல ஊரினர். அரசன் ஒருவன் ஒரே ஆணையாற் செய்வித்த பணியாயின் இத்தனை பெயர்கள் அங்கே இடம்பெற்றிரா. ஆளுக்கோர் உருவம் என்று பகிர்ந்துகொண்டு நிறைவேற்றிய பணியாகவே அது காட்சியளிக்கிறது.

போளூரை அடுத்த திருமலையிலோ இன்னும் நுட்பமான ஒரு காட்சி உண்டு. முதலாம் இராசேந்திரனின் வடநாட்டு வெற்றிகளை, கங்கை வரை சென்ற படையெடுப்பு உட்பட, விரிவாகக் கூறும் புகழ்பெற்ற கல்வெட்டு அங்கே உள்ளது. வரலாற்றறிஞர் அதனை எத்தனையோ முறை எடுத்தாண்டுள்ளனர். ஆயினும் அக்கல்வெட்டு வெட்டப்பட்டது அவ்வெற்றிகளுக்காக அன்று. குந்தவை ஜினாலயத்தில் விளக்கெரியவும் திருவமுது படைக்கவும் நன்னப்பையன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை காசு வைத்தார். அச்செய்தியைப் பதிவதற்காகவே அது வெட்டப்பட்டது. மன்னன் வென்ற நாடுகளின் பட்டியல், ஓர் இல்லத்தரசி ஏற்றிய விளக்குக்கு முகவுரையாக நிற்கின்றது.

நீருக்குச் செய்த அறம்

அறம் என்பது கோயிலோடு நின்றுவிடவில்லை. அதே திருமலையில் முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, குணவீர மாமுனிவர் கலிங்கு ஒன்று கட்டுவித்ததைக் கூறுகின்றது. ஏரியின் நீரை அளவறிந்து வெளிவிடும் கலிங்கு சமயம் பார்த்துப் பாய்வதில்லை. அதன் பயன் அவ்வூர் உழவர் அனைவர்க்கும் உரியது.

விளாப்பாக்கத்துக் கல்வெட்டு கி.பி. 945 அளவினது. திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாராகிய பட்டினிக் குரத்தியார் அங்கே கிணறு ஒன்று தோண்டுவித்தார். அவ்வறத்தைக் காக்கும் பொறுப்பு இருபத்துநால்வர் என்னும் குழுவிடம் விடப்பெற்றது. இச்செய்தி சிறப்பாக எண்ணத்தக்கது. கிணறு தோண்டுதல் ஒருமுறை செய்யும் செயல். தூர் வாருவதும் கரை காப்பதும் ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை. கொடையாளரின் பெயரோடு காப்பாளரின் குழுவையும் கல்லில் ஏற்றிய முன்னோர், தொண்டு இல்லாத கொடை நீடிக்காது என்பதை நன்கு அறிந்திருந்தனர். இக்காலத்து அறக்கட்டளை நிருவாகக் குழுவுக்கு அந்த இருபத்துநால்வரை மூத்தோர் என்று கொள்ளலாம்.

சித்தன்னவாசலும் இங்கு நினையத்தக்கது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில், பழைய குடைவரையைப் புதுக்கி முகமண்டபம் எடுப்பித்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமர். புதிதாய் ஒன்றைக் கட்டுவதினும் இருப்பதைப் பேணுதல் அரிது. திருப்பணி என்று நாம் இன்று கூறும் சொல்லின் முழுப்பொருளும் அவர் செயலில் அடங்கியுள்ளது.

நால்வகைத் தானம்

உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நான்கையும் தானத்தின் வகைகளாக நம் முன்னோர் போற்றினர். அச்சமுற்று வந்தோர்க்கு அடைக்கலம் தந்த இடங்கள் 'அஞ்சினான் புகலிடம்' எனப் பெயர்பெற்றமையைச் 'சமணமும் தமிழும்' நூலில் மயிலை சீனி. வேங்கடசாமி எடுத்துக்காட்டுவர். துறவியர் உறைந்த பள்ளி, பிள்ளைகள் எழுத்தறியும் பள்ளியாகவும் விளங்கியமையால் இன்றும் கல்விக்கூடத்தைப் பள்ளி என்றே வழங்குகிறோம் என்று அறிஞர் கூறுவதும் யாவரும் அறிந்ததே.

சாத்திர தானத்தின் பெருமைக்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராய்ந்த காலத்தில், கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார் முதலிய ஜைன அன்பர்கள் அவர் ஐயங்களைத் தீர்த்து உதவினர். சிந்தாமணியைப் படித்து முடிப்பதை ஒரு விழாவாகவே அவர்கள் இல்லங்களிற் கொண்டாடிய செய்தியை ஐயர் 'என் சரித்திரம்' நூலில் பதிந்துள்ளார். 1887இல் சிந்தாமணி அச்சேறித் தமிழுலகம் முழுவதற்கும் பொதுவாயிற்று. ஏட்டைப் படியெடுத்து, படித்து, பிறர்க்குச் சொல்லி, தலைமுறை தலைமுறையாகக் காத்த பெயரறியாத இல்லறத்தார் செய்த தானம் அது.

இற்றைநாள் நிலை

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் ஜினாலயம் உள்ள ஊர்கள் பல. அவற்றுள் முன்னர்த் தெரு நிறைந்து வாழ்ந்த நயினார் குடும்பங்கள் கல்வியும் பணியும் கருதிச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்துவிட்டன. எஞ்சியுள்ள சில இல்லங்களே நாள்வழிபாட்டைக் காத்து வருகின்றன. மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவாயினும், ஊர்க்கோயிலின் மகாவீரர் ஜயந்தியாயினும், விழா நாளுக்குப் பல வாரங்கள் முன்னரே தொண்டர் சிலர் இரசீதுப் புத்தகத்தோடு புறப்படுகின்றனர். பூட்டிய கதவுகளின் முன் நின்று திரும்புகின்றனர். "சென்ற ஆண்டுக் கணக்கு என்னவாயிற்று?" என்னும் வினாவுக்கு மறுமொழி கூறுகின்றனர். "அடுத்த வாரம் வாருங்கள்" என்பதைக் கேட்டு மீண்டும் செல்கின்றனர். பேருந்துச் செலவைத் தம் கையிலிருந்தே கொடுக்கின்றனர். பந்தற்கால் நடுவதும், சமையற்கூடத்தில் நீர் வடிகட்டுவதும், பொழுது சாய்வதற்குள் வந்தோர் அனைவரும் உண்டனரா என்று பார்ப்பதும் அவர்களே.

கேட்டு வாங்குதல் எளிய செயல் அன்று. தனக்கெனக் கேட்பதற்கு நாணுகின்ற ஒருவர் அறத்தின் பொருட்டு அந்நாணத்தை விடுகின்றார். 'நான்' என்னும் செருக்கு தேய்வதற்கு இதனினும் நல்ல பயிற்சி வேறில்லை. வரவும் செலவும் அனைவரும் அறியுமாறு எழுதி வைக்கும் நேர்மையோ வாய்மை என்னும் அணுவிரதத்தின் நடைமுறை வடிவம். கல்லில் வெட்டிய கணக்கு எவரும் படிப்பதற்கு உரியதாய் வெளியில் நின்றது. இரசீதும் ஆண்டறிக்கையும் அவ்வாறே வெளிப்படையாக இருக்கும்வரை ஊரார் நம்பிக்கை குன்றாது.

தொண்டர் பலர்க்கு வயது கூடிவிட்டது என்பதுதான் இன்று கவலைக்குரியது. எந்த ஊரில் எந்த இல்லம், அவ்வில்லத்தார் இப்போது எந்நகரில் உள்ளனர், எந்தப் பூசைக்கு எவர் முன்னோர் கட்டளை வைத்தார் என்பன அவர்கள் நினைவிலேயே உள்ளன. அந்நினைவு எழுத்தில் ஏறாமற் போகுமாயின், ஒருவர் மறைவோடு ஓர் ஊரின் அறக்கணக்கே மறைந்துபோகும். ஒவ்வோர் ஊர்க்கோயிலும் ஒரு குறிப்பேடு தொடங்கி, கட்டளைகளையும் கொடையாளரையும் எழுதுவதோடு, ஊர்தோறும் நடந்து திரட்டிய தொண்டர் பெயரையும் எழுதி வைத்தல் வேண்டும். நிதி திரட்டச் செல்லும் பெரியவரோடு இளையவர் ஒருவரும் உடன் செல்லுதல் வேண்டும். இல்லங்களின் வழியை அப்பிள்ளை அறிந்துகொள்ளும். இல்லத்தாரும் அப்பிள்ளையை அறிந்துகொள்வர்.

மாங்குளத்து நிகமத்தாரிடம் பங்கு கேட்டவர் யார் என்பதை இனி எவரும் அறிதல் இயலாது. வரும் ஆண்டு நம் வாயிலில் இரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்பவர் யார் என்பதை நாம் அறிவோம். அவரை அமரச் செய்து, நீர் தந்து, நம் பங்கை முகமலர்ந்து அளிப்போமாக.

ஜினதருமம் ஓங்குக! அறம் வளர்க!