பெரியகடை: எரிந்த கடைகளும் பூட்டிய கடைகளும்

டென்மார்க் மக்கள் ஒரு கடைக்காகத் துக்கங் கொண்டாடினார்கள் என்றால் நம்மவரிற் சிலர் சிரிக்கக்கூடும். ஆயினும் அது உண்மையே. 1886ஆம் ஆண்டு கொப்பன்கேகன் நகரில், ஒரு நிலவறையில் முட்டை விற்கும் சிறு கடையாகத் தொடங்கிய 'இர்மா', 2024இல் முற்றாக மூடப்பட்டது. நட்டம் தாங்காமல் மூடினார்கள். அந்தக் கடையின் சின்னமான நீல நிறச் சிறுமியைப் பற்றியும், பாட்டி வாங்கிய கோப்பித் தகரத்தைப் பற்றியும் பலர் உருக்கமாக எழுதினார்கள்.

அதைப் பார்க்கையில் எமக்கும் ஒரு கடைவீதி இருந்தது என்னும் எண்ணம் வருகிறது. அது கணக்கு ஒத்துவராமல் மூடிய கடைவீதி அன்று. அதன் கதை புரொண்பியிற் பிறந்து வளரும் எம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். அதுவும் முழுமையாகத் தெரியவேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பெரியகடை என்றால் முதியோர் அறிவர். கோட்டைக்கும் வண்ணார்பண்ணைக்கும் இடையில், கஸ்தூரியார் வீதியும் ஆஸ்பத்திரி வீதியும் கன்னாதிட்டியும் சூழ்ந்த வியாபாரப் பகுதி அது. வண்ணார்பண்ணையில் வைத்தீஸ்வரன் கோயிலை எழுப்பிய வைத்திலிங்கச் செட்டியார் ஒல்லாந்தர் காலத்து வணிகர். ஆகவே வணிகமும் கோயிலும் அயலவராய் இருந்த இடம் இது. 1905ஆம் ஆண்டு கொழும்புக்கான புகையிரதப் பாதை பூர்த்தியானதும் வியாபாரம் பெருகியது. தெற்கே புகையிலையும் சுருட்டும் போயின. அங்கிருந்து பிடவையும் இரும்புச் சாமானும் வந்தன. மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியோரின் 'பென்சன்' பணமும் இங்கேதான் செலவாயிற்று. 'மலாயன் கபே' என்ற சைவ உணவகத்தின் பெயரே அந்தத் தொடர்பை நினைவூட்டும்.

1970 முதல் 1977 வரை அரசாங்கம் வெளிநாட்டு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. வலிகாமத்துக் கமக்காரர் கையிற் காசு புழங்கியது. அறுவடை முடிந்ததும் குடும்பத்தோடு பெரியகடைக்கு வந்தார்கள். கன்னாதிட்டியில் நகை, அடுத்த தெருவிற் சேலை, பின்பு சுபாஸ் கபேயில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம். கையிற் காசில்லாத மாதத்தில் பலசரக்குக் கடைக் கொப்பியில் பெயர் ஏறும். எவர் எவ்வளவு கடன் என்பது முதலாளிக்கும் கடவுளுக்குமே தெரியும். சித்திரை வருடப் பிறப்பன்று அதே முதலாளி வெற்றிலையில் வைத்துக் கைவிசேடம் தருவார்.

இங்கே ஒரு கலியாணத்தை எடுத்துப் பாருங்கள். பொன்னுருக்கலுக்குப் பத்தர் வேண்டும். அவர் கன்னாதிட்டியிலிருந்து வந்தார். மாப்பிள்ளைக்குச் சட்டை தைக்கத் தையற்காரர் வேண்டும். அவர் பெரும்பாலும் சோனகர் தெருவைச் சேர்ந்த முஸ்லிம் சகோதரராக இருந்தார். வீட்டுக்குக் கதவு போடப் பிணைச்சலும் ஆணியும் வாங்கிய இரும்புக் கடையும் பல வேளைகளில் முஸ்லிம்களின் கடையே. தீபாவளிக்கு முதல் நாளிரவு விடியும்வரை தையல் இயந்திரங்கள் ஓடியது எங்கள் பிள்ளைகளின் புதுச் சட்டைக்காகத்தான். எமது பண்டிகை அவர்கள் கையாலும் நிறைவேறியது.

இவ்வீதிக்கு முதல் நெருப்பு 1977 ஓகஸ்டில் வந்தது. பொலிசாருக்கும் பொதுமக்களுக்குமிடையே மூண்ட கலவரத்தில் பழைய சந்தை எரிந்தது. 1981 மே 31ஆம் திகதி இரவும் அடுத்த நாட்களும் நடந்தவை உலகறிந்தவை. ஏறத்தாழ 97,000 நூல்களுடன் பொது நூலகம் எரிந்தது. ஈழநாடு பத்திரிகைக் காரியாலயம் எரிந்தது. பூபாலசிங்கம் புத்தகசாலையும் வேறு கடைகளும் எரிந்தன. நூலகத்தை எல்லோரும் நினைவு கூருகிறோம், அது தகும். ஆனால் பாடசாலைப் பிள்ளை அரிவரிப் புத்தகமும் கொப்பியும் வாங்கிய புத்தகக் கடையும் அன்று சாம்பலானது என்பதையும் சொல்லவேண்டும். அக்கடை மீண்டும் எழுந்தது. பின்னாளில் கொழும்பிலும் கிளை விட்டது.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபோது கோட்டைக்கு அண்மையிலிருந்த கடைகள் குண்டுகளுக்கு இரையாயின. புகையிரதமும் அம்மாதத்தோடு நின்றது. 2014 ஒக்டோபரில்தான் திரும்ப யாழ் நகரை வந்தடைந்தது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் அருமைப் பொருள்களாயின. மக்கள் ஜாம் போத்தலில் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டு விளக்கேற்றினர்.

இதுவரை சொன்னவற்றை நாம் பிள்ளைகளுக்கு வழக்கமாகச் சொல்லி வருகிறோம். அடுத்ததைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறும்படி கட்டளையிட்டனர். வீட்டையும் கடையையும் விட்டு, நகையையும் பணத்தையும் பறிகொடுத்து அவர்கள் நடந்தனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அம்மாதம் வெளியேற்றப்பட்டோர் 70,000க்கு மேற்பட்டோர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்வைத் தொடங்கினர். ஐந்து சந்தியிலும் கஸ்தூரியார் வீதியிலும் தையல் இயந்திரங்கள் ஓய்ந்தன. இக்கடைகளை எந்தப் பொலிசாரும் எரிக்கவில்லை. எமது மண்ணில், எமது பெயரால் அவை பூட்டப்பட்டன.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நனைந்தபடி தென்மராட்சி நோக்கி நடந்தனர். அன்று பெரியகடை முழுவதுமே வெறிச்சோடியது. கடையைப் பூட்டித் திறப்பை மடியிற் கட்டிக்கொண்டு போவது எப்படியிருக்கும் என்பதை எம்மவரும் அன்று அறிந்தனர்.

'பழையதைக் கிளறுவானேன்?' என்று சில அன்பர்கள் கேட்பர். கிளறுவது குற்றம் என்றால் 1981ஐயும் கிளறக்கூடாது. எரித்தவர் வேறு என்றால் உரக்கப் பேசி, பூட்டியவர் நம்மவர் என்றால் மௌனமாவது நீதியன்று. மேலும், எம் பிள்ளைகள் இந்நாட்டிலே துருக்கியர், பாகிஸ்தானியர் பிள்ளைகளுடன் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். வெண்டிக்காயும் பச்சை மிளகாயும் அந்தப் பெற்றோரின் கடைகளில் வாங்குகிறோம். அயலவர் என்றால் யார் என்பதை அப்பிள்ளைகள் எம்மிடமே கற்கவேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். 1990க்கு முன்பு யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து, கடைவீதியை நன்கறிந்த பெரியோர் எம்மிடையே ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். அப்பப்பா, அம்மம்மாவிடம் பேரப்பிள்ளைகள் ஒரு தாளையும் பேனாவையும் கொண்டு போய் உட்காரட்டும். பெரியகடையில் எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை இருந்தது, அங்கே என்ன விற்றார்கள், முதலாளியை எப்படி அழைத்தார்கள் என்று வரிசையாகக் கேட்டுப் படம் வரையட்டும். அந்த வரிசையில் தீபாவளிச் சட்டை தைத்த கடையும் அதன் இடத்தில் இருக்கட்டும்.